மியாவ்... ஹச்சூ! உங்களுக்குத் தெரியுமா?

மடியில் பூனை. மூக்கில் தும்மல். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா? முடியும்! அதற்கு முதலில் எதிரி யார் என்று தெரிய வேண்டும். உலகம் முழுக்கத் தேடி அள்ளி வந்திருக்கிறோம். ஒவ்வொன்றும் அசத்தல் தகவல். படியுங்கள்!

குற்றவாளி யார்?

● "பூனை முடி ஒத்துக்காது" என்று ஊரே சொல்கிறது. முடி பாவம், அப்பிராணி! தும்ம வைப்பது ஒரு புரதம். பெயர் ஃபெல் டி 1. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறுகிறது. முடி அதைச் சுமந்து திரிகிறது, அவ்வளவுதான்!

● பூனை அலர்ஜி உள்ள 100 பேரை வரிசையில் நிறுத்துங்கள். 90 பேருக்கு மேல் இந்த ஒரே புரதத்தைக் கண்டுதான் தும்முகிறார்கள்!

● பூனையிடம் இருக்கும் அலர்ஜிப் புரதங்கள் மொத்தம் எத்தனை? அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறியவை 8! ஃபெல் டி 1-ல் தொடங்கி ஃபெல் டி 8 வரை வரிசையாக நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள்!

● ஃபெல் டி 1 பூனைக்கு எதற்குப் பயன்படுகிறது? 50 வருடமாக ஆராய்கிறார்கள். உறுதியான விடை இன்றுவரை கிடைக்கவில்லை!

● உலகில் பெரியவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குப் பூனை அலர்ஜி இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதாவது பத்து பேர் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் ஒருவரோ இருவரோ தும்மத் தயார்!

● நாயா, பூனையா? அதிகம் பேரைத் தும்ம வைப்பது யார்? சந்தேகமே வேண்டாம், பூனைதான்! நாய் அலர்ஜியைவிடப் பூனை அலர்ஜி சுமார் இரண்டு மடங்கு அதிகம்!

நாக்கு செய்யும் மாயம்

● பூனையின் நாக்கு ஏன் சொரசொரவென்று இருக்கிறது? அதில் கிட்டத்தட்ட 290 குட்டி முட்கள்! ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு சின்னக் குழி. அந்தக் குழி எச்சிலை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நக்கும்போது முடியின் அடிவேர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது!

● இதைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள். வருடம் 2018. வீட்டுப் பூனை மட்டுமல்ல, புலி, சிங்கம், பனிச்சிறுத்தை நாக்கையும் பார்த்தார்கள். எல்லா நாக்கிலும் அதே குழி முட்கள்!

● ஒரு நாளில் பூனை தன் உடம்பில் பூசிக்கொள்ளும் எச்சில் எவ்வளவு? அதே ஆய்வாளர்கள் போட்ட கணக்கு, சுமார் 48 மில்லி! இவ்வளவிலும் ஃபெல் டி 1 கலந்திருக்கிறது!

● அந்த நாக்கைப் பார்த்து அவர்கள் ஒரு சீப்பே செய்துவிட்டார்கள்! முடி சிக்காமல் வாருகிறது. அலர்ஜிப் பொருளை அகற்றவும் இது உதவும் என்பது அவர்கள் நம்பிக்கை!

● பூனை விழித்திருக்கும் நேரத்தில் பாதி வரைகூட நக்கிச் சுத்தம் செய்வதிலேயே போகுமாம்! எச்சில் காய்கிறது. பொடிப்பொடியாக உதிர்கிறது. காற்றில் ஏறுகிறது. உங்கள் மூக்கில் இறங்குகிறது!

● பூனை கன்னத்தை உங்கள் காலில் உரசுகிறதா? ஆசைதான்! ஆனால் பூனை உடம்பில் ஃபெல் டி 1 செறிவாக இருக்கும் இடங்களில் ஒன்று முகம். நெஞ்சுப் பக்கத்தைவிட முகத்தில்தான் அதிகம்!

காற்றில் மிதக்கும் எதிரி

● தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பூனை அலர்ஜியைச் சுமக்கும் துகள்களில் கணிசமானவை 5 மைக்ரானுக்கும் கீழே! சில 2.5 மைக்ரானைவிடச் சிறியவை. மூக்கைத் தாண்டி நுரையீரலின் ஆழம் வரை போய்விடும்!

● தூசிப் பூச்சியின் அலர்ஜிப் பொருள் கனமானது. கிளப்பிவிட்டால் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தரைக்கு வந்துவிடும். பூனையுடையது? மணிக்கணக்கில் மிதக்கும்! பூனை அறையைவிட்டுப் போன பிறகும் தும்மல் வருவது இதனால்தான்!

● தரையில் மட்டுமா இருக்கிறது? சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்! ஃபெல் டி 1 பயங்கரமான பசை ரகம். திரைச்சீலை, சோபா, தலையணை எதையும் விட்டுவைக்காது!

● அமெரிக்காவில் 831 வீடுகளின் தூசியைச் சோதித்தார்கள். நாயோ பூனையோ வளர்த்தவை 49.1 சதவீத வீடுகள்தான். பூனை அலர்ஜிப் பொருள் இருந்தவை? 99.9 சதவீதம்! பூனையே இல்லாத வீட்டிலும் பூனை!

● எப்படி வந்தது? சட்டையில் ஏறி! பூனை வளர்ப்பவரின் உடுப்பில் ஒட்டிக்கொண்டு பஸ், ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று ஊர் சுற்றுகிறது!

● ஸ்வீடனில் பள்ளி வகுப்பறைகளின் காற்றைச் சோதித்தார்கள். பூனை வளர்க்கும் மாணவர்கள் கால்வாசிக்கு மேல் இருந்த வகுப்பில், 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த வகுப்பைவிட அலர்ஜிப் பொருள் 5 மடங்கு! வகுப்புக்குள் ஒரு பூனைகூட வரவில்லை!

● பூனையை வீட்டைவிட்டு அனுப்பினால் மறுநாளே மூக்கு சரியாகிவிடுமா? ஆகாது! பூனை இல்லாத வீட்டின் அளவுக்கு இறங்க 20 முதல் 24 வாரம் ஆகலாம். கிட்டத்தட்ட அரை வருடம்!

● வெயிலில் காய வைத்தால் ஃபெல் டி 1 செத்துவிடுமா? இது புரதம், கிருமி அல்ல! 140 டிகிரி உலர் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தாலும் முழுசாக அழிவதில்லை!

● அலர்ஜி உள்ளவருக்குத் தொல்லை தர எவ்வளவு வேண்டும்? ஆய்வாளர்கள் முன்வைத்த அளவு, ஒரு கிராம் தூசியில் 8 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் 8 பங்கு!

எந்தப் பூனை நல்ல பூனை?

● முடியே இல்லாத பூனை இருக்கிறது. பெயர் ஸ்பிங்ஸ். 1966-ல் கனடாவின் டொரண்டோவில் பிறந்த ஒரு குட்டியிலிருந்து புகழ்பெற்ற இனம். இதைத் தொட்டால் தும்மல் வராதா? வரும்! முடிதான் இல்லை, எச்சில் இருக்கிறதே!

● "எங்கள் பூனை அலர்ஜியே தராது" என்று யாராவது விலை பேசினால் உஷார்! அலர்ஜிப் பொருளே சுரக்காத இனம் என்று நிரூபிக்கப்பட்டது உலகில் ஒன்றுகூட இல்லை!

● நீள முடியா, குட்டை முடியா? கறுப்பா, வெள்ளையா? எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்! முடியின் நீளத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ அலர்ஜியைக் கணிக்க முடியாது!

● ஆனால் ஆணா பெண்ணா என்பது முக்கியம்! கருத்தடை செய்யாத கடுவன் பூனைதான் அதிகம் சுரக்கிறது. ஆபரேஷன் செய்துவிட்டால் சுரப்பு நன்றாகக் குறைகிறது. குட்டிகள் பெருகுவதும் நிற்கும், தும்மலும் குறையும்!

● ஒரே தெருவில் இரண்டு பூனை. ஒன்று உங்களைத் தும்ம வைக்கும். இன்னொன்று சும்மா விட்டுவிடும்! பூனைக்குப் பூனை சுரப்பு பல மடங்கு வேறுபடுகிறது. ஒரே பூனையிடமும் நாளுக்கு நாள் மாறுகிறது!

● சிங்கத்திடம் போனால் தும்மல் வருமா? வரலாம்! சிங்கம், சைபீரியப் புலி, பனிச்சிறுத்தை, ஜாகுவார் உள்பட 8 வகைக் காட்டுப் பூனையினங்களிடம் ஃபெல் டி 1 மாதிரியே புரதம் இருப்பதை 1990-ல் கண்டுபிடித்தார்கள்!

● இதுதான் நம்ம பக்கத்தின் சூப்பர் கண்டுபிடிப்பு! தேவாங்கு தெரியுமல்லவா? கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் அதற்கென்றே 2022-ல் கடவூர் சரணாலயம் அறிவித்தார்கள். அதன் நெருங்கிய சொந்தம் தென்கிழக்காசியாவின் ஸ்லோ லோரிஸ். அது கடித்தால் விஷம்! அதன் கைச்சுரப்பி கக்கும் அந்த விஷத்தில் ஒரு புரதம். அது எதன் சாயல்? பூனையின் ஃபெல் டி 1 சாயல்!

● பூனை அலர்ஜி உள்ள சிலருக்குப் பன்றி இறைச்சி சாப்பிட்டாலும் அலர்ஜி வருகிறது! பூனையின் ஆல்புமின் புரதமும் பன்றியின் ஆல்புமினும் ஒரே ஜாடை. உடம்பு ஏமாந்துபோகிறது. பிரான்சில் 1994-ல் பதிவான விசித்திரம் இது!

உடம்புக்குள் நடக்கும் கூத்து

● அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் பொருளின் பெயர் ஐஜிஇ. 1966-ல் இதைக் கண்டுபிடித்தது ஒரு ஜப்பானியக் கணவன் மனைவி! கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா. இருவரும் அமெரிக்காவின் டென்வரில் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள்!

● நம் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் வகைகள் 5. அதில் அளவில் மிக மிகக் குறைவானது இந்த ஐஜிஇ-தான். ஆளோ பொடி, ஆட்டமோ பெரிசு!

● பூனையைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினால் எவ்வளவு நேரத்தில் அரிக்கும்? சில நிமிடங்கள் போதும்! மாஸ்ட் செல் என்ற அணுக்கள் ஹிஸ்டமினைக் கொட்டிவிடுகின்றன. கண், மூக்கு, தொண்டை மூன்றும் ஒரே நேரத்தில் கலாட்டா!

● சளியா, அலர்ஜியா? சுலபமாகப் பிரிக்கலாம்! அலர்ஜிக்குக் காய்ச்சல் வராது. அரிப்பு வரும். சாதாரணச் சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் விடைபெறும். அலர்ஜி மாதக்கணக்கில் குடியிருக்கும்!

● அலர்ஜி டெஸ்ட்டுக்கு எவ்வளவு நேரம்? தோலில் ஒரு சொட்டு, ஒரு சின்னக் கீறல், 15 முதல் 20 நிமிடம். அவ்வளவுதான்! 3 மில்லிமீட்டர் தடிப்பு வந்தால் பாசிட்டிவ்! ஒரே நேரத்தில் பூனை, தூசிப் பூச்சி, கரப்பான் பூச்சி எல்லாவற்றையும் சோதித்துவிடலாம்!

● டெஸ்ட்டுக்குப் போகும் முன் அலர்ஜி மாத்திரை போட்டுவிடாதீர்கள்! மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தால் தோல் தடிக்காது. டெஸ்ட் பொய் சொல்லும். எத்தனை நாள் நிறுத்துவது என்பதை டாக்டரிடம் கேளுங்கள்!

மாத்திரை முதல் ஊசி வரை

● அலர்ஜி மாத்திரைக்கு நோபல் பரிசு கிடைத்திருக்கிறது! முதல் ஆன்டிஹிஸ்டமினை 1937-ல் பாரிஸில் கண்டவர் டேனியல் போவே. பரிசு வந்தது 1957-ல். 20 வருடக் காத்திருப்பு!

● மெடிக்கல் ஷாப்பில் எல்லோரும் கேட்கும் செட்ரிசின் எங்கிருந்து வந்தது? ஹைட்ராக்சிசின் என்ற, தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மருந்து உடம்புக்குள் போய் மாறும் வடிவம்தான் செட்ரிசின்! உடம்பே தயாரித்துக் காட்டிய மருந்து!

● ஒரு செட்ரிசின் வேலையைத் தொடங்க சுமார் ஒரு மணி நேரம். தாக்குப்பிடிப்பது 24 மணி நேரம்! பூனை வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர்கள் தும்மல் வந்த பிறகு போடுவதைவிட முன்பே போடுவது நல்ல பலன் தரும். டாக்டர் சொன்னால் போடுங்கள்!

● மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே ஒரே நாளில் அற்புதம் செய்யாது! முழுப் பலன் தெரியச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். தினமும் விடாமல் அடித்தவருக்கே வெற்றி!

● அலர்ஜிக்கு அலர்ஜிப் பொருளையே ஊசியாகப் போடும் வைத்தியம் தெரியுமா? லண்டனில் லெனார்ட் நூன் என்ற டாக்டர் 1911-ல் புல்லின் மகரந்தத்தை வைத்துத் தொடங்கியது. இன்று பூனை அலர்ஜிக்கும் வந்துவிட்டது! சொட்டுச் சொட்டாக அளவை ஏற்றுவார்கள். கால அளவு 3 முதல் 5 வருடம்!

● அவ்வளவு நாள் பொறுக்க முடியாதா? 2018-ல் வெளியான ஒரு சோதனையைக் கேளுங்கள். பூனை அலர்ஜி உள்ளவர்கள் 73 பேர். பாதிக்கு ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) ஊசி, பாதிக்கு வெறும் ஊசி. ஒரே முறைதான். எட்டாவது நாளில் ஆன்டிபாடி போட்டவர்களுக்கு மூக்குத் தொல்லை சுமார் 60 சதவீதம் குறைந்தது!

பூனைக்கே வைத்தியம்!

● மனிதனுக்கு அலர்ஜி, மருந்து பூனையின் தட்டில்! கோழிகள் ஃபெல் டி 1-க்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும். அது முட்டையில் சேரும். அந்த முட்டையைப் பூனைத் தீனியில் கலப்பார்கள். பூனை சாப்பிடும்போது எச்சிலிலேயே புரதம் செயலிழக்கும்!

● பலன்? 105 பூனைகளுக்கு 10 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முடியில் இருந்த செயல்படும் ஃபெல் டி 1 சராசரியாக 47 சதவீதம் குறைந்தது! மூன்றாவது வாரத்திலேயே பலன் தெரிந்தது. 2020-ல் அந்தத் தீனி அமெரிக்காவில் கடைக்கே வந்துவிட்டது!

● பூனைக்குத் தடுப்பூசி! அதுவும் வெள்ளரிச் செடியைத் தாக்கும் வைரஸின் வெளிக்கூட்டை வைத்து! சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 54 பூனைகளுக்குப் போட்டுப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். பூனையின் உடம்பே ஃபெல் டி 1-ஐ எதிர்க்கத் தொடங்கியது!

● மரபணுவிலேயே கத்தரித்துவிட்டால்? அதற்கும் முயற்சி நடக்கிறது! கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் பூனை செல்களில் ஃபெல் டி 1 மரபணுவை வெட்டிக் காட்டினார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். 2022-ல் வெளிவந்தது. அதற்காக 50 வீட்டுப் பூனைகளின் மரபணுவைப் படித்தார்கள்!

வீட்டில் என்ன செய்யலாம்?

● வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கு நாம் படுக்கையில்தான்! அதனால் முதல் சட்டம் இது. படுக்கையறைக்குள் பூனைக்கு அனுமதி இல்லை! பகலிலும் கதவைச் சாத்துங்கள். தினமும் 8 மணி நேரம் உங்கள் நுரையீரலுக்கு ஓய்வு!

● தரையில் கார்ப்பெட் இருக்கிறதா? சுருட்டி வெளியே போடுங்கள்! வழுவழுத் தரையைவிடக் கார்ப்பெட்டில் பூனை அலர்ஜிப் பொருள் சுமார் 100 மடங்கு சேர்கிறது!

● நம் தாத்தா வீட்டு ரெட் ஆக்சைடு தரை, மொசைக், ஆத்தங்குடிக் கல் எல்லாமே அலர்ஜிக்காரருக்கு வரம்! ஈரத்துணி போட்டுத் துடைத்தால் முடிந்தது வேலை. பாட்டன் பூட்டன் போட்ட தரைக்கு ஒரு சபாஷ்!

● காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் என்ன ஆகும்? தரையில் அடங்கிக் கிடந்ததெல்லாம் மூக்கு உயரத்துக்குக் கிளம்பும்! முதலில் ஈர மாப், அப்புறம் மற்றதெல்லாம். சுவரையும் அவ்வப்போது துடையுங்கள்!

● துணி சோபாவா, ரெக்சின் சோபாவா? கண்ணை மூடிக்கொண்டு ரெக்சின்! ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். துணி சோபா குடித்த ஃபெல் டி 1-ஐத் திரும்ப வாங்குவது பெரும்பாடு!

● ஏர் பியூரிஃபையர் வாங்கும்போது ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும்! இதன் பூர்வீகம் எங்கே தெரியுமா? அமெரிக்கா அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டம்! கதிரியக்கத் துகளைப் பிடிக்க வந்தது, இன்று பூனைத் துகளைப் பிடிக்கிறது!

● ஹெப்பா இல்லாத சாதா வாக்குவம் கிளீனர் ஆபத்து! முன்பக்கம் உறிஞ்சும். நுண்துகளைப் பின்பக்கம் ஊதிவிடும். சுத்தம் செய்த பிறகு தும்மல் கூடுவது இதனால்தான்!

● ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறது! தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள். செலவு 0 ரூபாய்!

● பூனையைக் குளிப்பாட்டினால் அலர்ஜி குறையுமா? குறையும்! ஆனால் ஒரே வாரத்துக்குள் பழைய அளவுக்கே திரும்பிவிடும்! பூனையும் உங்கள் மேல் கோபமாக இருக்கும். ஈரத்துணியால் துடைப்பது இருவருக்கும் நிம்மதி!

● பூனைக்குச் சீப்பு போடுவது நல்லது. யார் போடுவது? அலர்ஜி இல்லாதவர்! எங்கே போடுவது? வெளித் திண்ணையில், மொட்டை மாடியில்! வீட்டில் அலர்ஜி இல்லாதவர் யாருமே இல்லையா? அலமாரியில் கொரோனாக் காலத்து என்95 மாஸ்க் கிடக்குமே, எடுத்து மாட்டுங்கள். நுண்துகளில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும்!

● பூனையைத் தொட்டீர்களா? சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை கண்ணைத் தொடாதீர்கள்! ரொம்பச் சின்ன வேலை, ரொம்பப் பெரிய பலன்!

● சுடுதண்ணீரில்தான் துணி துவைக்க வேண்டும் என்றில்லை. ஃபெல் டி 1 தண்ணீரில் கரைந்து போகும் ரகம்! நிறையத் தண்ணீரில் நன்றாக அலசினாலே பெரும்பகுதி ஓடிவிடும். தலையணை உறையும் போர்வையும் வாரம் ஒரு முறை தொட்டிக்குள் போகட்டும்!

● கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் கணக்கிட்டார்கள்! ஏற்கெனவே பூனையால் வீங்கிய மூக்குக்கு இது இரட்டை அடி. கொசுவலை கட்டுங்கள்!

● மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவினால் ஒட்டியிருக்கும் அலர்ஜிப் பொருள் வெளியேறும். யோகாவில் இதுதான் ஜல நேதி! இன்று உலகெங்கும் காது மூக்குத் தொண்டை டாக்டர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஒரே நிபந்தனை, கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். பச்சைத் தண்ணீரில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கக்கூடும்!

குழந்தையும் பூனையும்

● அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 474 குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்தார்கள். முதல் வயதில் நாயோ பூனையோ இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களில் 33.6 சதவீதம் பேருக்கு 6, 7 வயதில் அலர்ஜி டெஸ்ட் பாசிட்டிவ். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாய், பூனையோடு வளர்ந்தவர்களில்? வெறும் 15.4 சதவீதம்!

● டென்மார்க்கில் 377 குழந்தைகள். அதில் ஆஸ்துமா ஆபத்தைக் கூட்டும் ஒரு மரபணு வகை உள்ளவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பிறந்தது முதல் வீட்டில் பூனை இருந்தால் அந்தக் கூடுதல் ஆபத்தே காணாமல் போனது! நாய் இருந்தால்? எந்த மாற்றமும் இல்லை!

● அதற்காக, ஏற்கெனவே பூனை அலர்ஜி உள்ள குழந்தைக்குப் பூனை வாங்கித் தந்துவிடாதீர்கள்! இது வருமுன் நடக்கும் விந்தை. வந்த பிறகு கொடுக்கும் மருந்து அல்ல!

பூனைக்கும் தும்மல்!

● பூனைக்கும் அலர்ஜி உண்டு! தெள்ளுப்பூச்சியின் எச்சில் பட்டால் பல பூனைகளுக்குத் தோல் புண்ணாகும். எச்சிலால் நம்மைத் தும்ம வைக்கும் பூனைக்கே இன்னொரு பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளவில்லை!

● பூனைக்கு ஆஸ்துமாவும் வரும். 100 பூனைகளில் 1 முதல் 5 பூனைக்கு! பூனைக்கென்றே குட்டி முகமூடி வைத்த இன்ஹேலர்கூட இருக்கிறது!

● மனிதனும் பூனையும் எவ்வளவு காலமாகக் கூட்டாளிகள்? சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகள் கிடைத்தன. வயது சுமார் 9,500 ஆண்டு! எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழைய சிநேகம்!

கடைசியாக ஒரு வார்த்தை

● உங்கள் தும்மலுக்குக் காரணம் பூனையாகவே இல்லாமலும் இருக்கலாம்! தலையணையில் தூசிப் பூச்சி இருக்கிறது. அடுப்படியில் கரப்பான் இருக்கிறது. இரண்டுமே பலே அலர்ஜிக்காரர்கள். டெஸ்ட் செய்யாமல் பூனையைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த பூனை தெருவில் பிழைப்பது ரொம்பக் கஷ்டம்!

● ஆனால் இது மட்டும் விளையாட்டல்ல. மூச்சிரைப்பு, நெஞ்சில் விசில் சத்தம், இரவில் மூச்சு முட்டித் தூக்கம் கலைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். டாக்டர் பூனையைப் பிரியத்தான் வேண்டும் என்றால் நல்ல மனசுள்ள ஒருவர் வீட்டில் கொண்டு சேருங்கள். மற்ற எல்லோரும் இன்று இரவே படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள், நாளைக் காலை ஈர மாப்பை எடுங்கள்!